மாலதியின் இடக்கை மெஷின்

காடாம்புலியூர் முந்திரிக் கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் கொட்டை உடைத்தார்கள். மாலதியின் தட்டில் மட்டும் எப்போதும் உடைசல் அதிகம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி மெஷின்தான். இடது கையால் கொட்டையை வைத்து, காலால் மிதித்து, வலது கையால் பிடியை அழுத்தினால் ஓடு பிளக்கும். மாலதியோ பிறந்ததிலிருந்தே இடக்கைக்காரி. வலது கைக்கு அழுத்தத்தின் அளவு பிடிபடவே இல்லை. ஓட்டோடு பருப்பும் நொறுங்கிற்று.

கை மாற்றிப் பிடியை அழுத்தினால் முதலாளி சடையப்பன் அதட்டுவார். "லட்சுமி வர்ற தொழிலும்மா! பீச்சாங்கையால உடைக்காத. சோத்துக் கையப் பழக்கு."

ஒரு வருஷம் பழக்கிப் பார்த்தாள். தோள்வலிதான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் மெஷினைத் துடைக்க எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பிடி இடது கைக்கு வாகாக வந்தது. கால் மட்டும் எட்டவில்லை. பக்கத்தில் இருந்த பவானியைக் கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு மிதி மிதிடி."

ஓடு பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று முழுப் பருப்பு. பத்துக் கொட்டை உடைத்தாள், பத்தும் முழுசு.

"கோளாறு என் கையில இல்லடி பவானி. மெஷின்ல இருக்கு!"

மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மெஷினைக் கேட்டாள். சடையப்பன் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கிட்டுப் போ" என்றார். ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கடலூர் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், பிடியை இடது கைப்பக்கம் மாற்றித் தரச் சொன்னாள்.

பட்டறைக்காரர் ஸ்ரீதர் தலையைச் சொறிந்தார். "நேரா இருக்கிறதத் திருப்பி மாட்டச் சொல்றீங்களேக்கா?"

முதல் தடவை பிடி முழங்காலில் இடித்தது. இரண்டாம் தடவை ஓட்டைப் பிளக்கும் கத்திகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஸ்ரீதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானும் வுடுறதா இல்லக்கா" என்று மூன்றாம் தடவை அறுத்து ஒட்டினார். சேர்ந்துகொண்டது.

திங்கட்கிழமை மாலதி அதைக் கொட்டகையில் போட்டு உடைத்தாள். மத்தியானம் சடையப்பன் அவள் தட்டைக் கிளறினார். மறுபடி கிளறினார்.

"உடைசல எங்கம்மா ஒளிச்சி வச்சிருக்க?"

கொட்டகையே சிரித்தது. வலது தோள் வலியால் அவதிப்பட்ட பவானி, "நாளைக்கு அந்த மெஷின எனக்குக் குடுடி" என்றாள். காலையில் ஒரு கை, மதியம் மறு கை என்று மாற்றி மாற்றி உடைத்ததில் வலி பாதியாகக் குறைந்தது. சடையப்பனே ஸ்ரீதரிடம் அதே மாதிரி நாலு மெஷின் செய்யச் சொன்னார்.

இரண்டு வருஷத்தில் மாலதி பவானியைக் கூட்டுச் சேர்த்துத் தனிக் கொட்டகை போட்டாள். சிதம்பரத்தில் ஓர் இனிப்புக் கடைக்காரர் அவள் கொண்டுபோன முதல் டின்னைத் திறந்து, அடிவரை கைவிட்டுப் பார்த்தார். ஒன்றுகூட உடைசல் இல்லை. வாரா வாரம் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கடை வாசலிலேயே மாலதி போன் போட்டாள். "பவானி, இன்னும் ரெண்டு மெஷினு வேணும். ஸ்ரீதர்கிட்ட இப்பவே சொல்லிடுடி!"