மச்சான் கணினியில் திறக்காத இணைப்பு

குருண் டவுனிலிருந்து அக்கா போன் செய்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும்.

"தம்பி, ஒன் மச்சானோட கம்ப்யூட்டர்ல என்னமோ ஆயிருச்சு. வந்து பாக்கணுமாம்."

"நாளைக்கு வேல முடிஞ்சு வரேன்க்கா."

"இன்னைக்கேன்னு நிக்கிறாருலா. நேத்து மத்தியானத்துலருந்து சரியாச் சாப்பிடக்கூட இல்ல."

நான் மெர்கோங்கில் ஒரு கடையில் கணினி பழுது பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் கூப்பிடுவது புதிதல்ல. ஆனால் மச்சான் அப்படி அவசரப்படுகிற ஆள் இல்லை. குருணில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவர். அது மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அவர் குரலே கேட்பதில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

நான் போனபோது முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"வேல கெடச்சிருச்சு தம்பி," என்றார். "இந்த லிங்க் மட்டுந்தான் தொறக்க மாட்டேங்குது. போன்ல தொறக்கக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க."

மின்னஞ்சலில் நீல எழுத்தில் ஓர் இணைப்பு. அதை அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இந்தக் கணினியில் கட்டுப்பாடுகள் இருப்பதால் இதைச் செய்ய முடியாது, நிர்வாகியைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"எந்த நிர்வாகி? இது என் சொந்தக் கம்ப்யூட்டர்தானே?"

"பயப்படாதீங்க மச்சான். புதுசா ஏதாவது ஏத்துனீங்களா?"

முதலில் இல்லை என்றார். அக்கா சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். வெள்ளிக்கிழமை வீடியோவில் நேர்காணல் நடந்திருக்கிறது. அதற்காக அவர்களே ஒரு பிரவுசரை அனுப்பி ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். பேசி முடிந்ததும் போனில் கூப்பிட்டு, அவர் அதை நீக்கி முடிக்கும்வரை போனை வைக்கவே விடவில்லை.

"எதுக்கு நீக்கச் சொன்னாங்க?"

"கம்பெனி ரகசியமாம். பெரிய கம்பெனிலா, அப்படித்தான் இருக்கும்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கோளாறு என்னவென்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. அது பிடிபட்ட பிறகு வேறெதுவும் என் காதில் ஏறவில்லை. பிரவுசரை ஏற்றும்போது, இணையப் பக்கங்களை இனி நான்தான் திறப்பேன் என்று அது கணினிக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். நீக்கும்போது அந்தக் குறிப்பும் போய்விட வேண்டும். சில சமயம் போகாது. அப்புறம் எந்த இணைப்பை அழுத்தினாலும் கணினி இல்லாத ஒன்றைத் தேடிவிட்டு, அனுமதியில்லை என்று கைவிரித்துவிடும்.

பழைய பிரவுசரையே மறுபடி முதன்மையாக வைத்துப் பார்த்தேன். அதே பெட்டி. இணைய அமைப்புகள் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பினேன். அதே பெட்டி. மச்சான் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ரெஜிஸ்ட்ரிக்குள் போனேன். கணினி தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் இடம் அது. தப்பாகக் கை வைத்தால் கணினியே எழும்பாமல் போகலாம் என்பதால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். மூன்று இடங்களில் அந்தப் பிரவுசரின் பெயர் இன்னும் உட்கார்ந்திருந்தது. நான் கேள்விப்பட்டே இராத பெயர். மூன்றையும் அழித்து, இருக்க வேண்டிய சொல்லை எழுதி, கணினியை அணைத்து மறுபடி போட்டேன்.

இணைப்பு திறந்தது.

மச்சான் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் திரையில் இருந்ததை நான் படித்தேன். வாடிக்கையாளர் சேவை வேலை, தங்குமிடம் இலவசம். படிவத்தில் மனைவி பெயர், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, பெரிய நோய் ஏதும் உண்டா, ரத்த வகை என்ன என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பாலிங் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். வண்டி வரும். பாஸ்போர்ட் கட்டாயம்.

"பாலிங்ல என்ன மச்சான் கம்பெனி? அதத் தாண்டுனா பார்டர்தானே?"

"ஆபீஸ் பினாங்குல. டிரெய்னிங் மட்டும் வெளியிலயாம்."

"அப்ப பினாங்குலருந்தே கூட்டிட்டுப் போகலாமே. ரத்த வகை எதுக்கு?"

"ஒனக்கு வேல இருக்கு தம்பி," என்றார். "நீ பேசலாம்."

அக்கா, "வேணாங்க, போகாதீங்க," என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி பிள்ளைகளின் பள்ளிப் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பை மூட என் கைக்கு ஒரு நொடி போதும். மூத்தவர் முன்னால் அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அக்கா கடைக்குப் போன் செய்தாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் ஆளையும் காணோம், பையையும் காணோம். பத்து மணியிலிருந்து அவர் போன் அடிக்கிறது, எடுப்பவர் இல்லை. நான் குருணுக்குப் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு பாலிங்குக்குக் காரை விரட்டினேன். வழி நெடுக இருபக்கமும் ரப்பர் மரம். அக்கா திரும்பத் திரும்ப அதே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். ஒருமுறை மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், கடைசி மேசையில், சுவரில் முதுகை ஒட்டி மச்சான் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அக்கா அவர் கையைப் பிடித்ததும்தான் வாய் திறந்தார்.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது. ஓட்டி வந்தவன் தமிழில் மரியாதையாகப் பேசியிருக்கிறான். ஏறுவதற்கு முன்னால் போனைக் கேட்டான், கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டைக் கேட்டபோது பையைத் துழாவிக்கொண்டே உள்ளே பார்த்தார். பின்சீட்டில் இவர் வயசுக்காரர் ஒருவர், ரப்பர் தோட்டத்து ஆள் மாதிரி, மடியில் பொட்டலம் கட்டிய சோற்றோடு இருந்தார். இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உட்கார இடம் கொடுத்து நகர்ந்தார்.

"'சீக்கிரம் குடுங்கண்ணே'ன்னான் அந்தப் பய. அந்தச் சத்தத்துல என்னமோ இருந்துச்சு. கக்கூஸ் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். ரெண்டு தடவ ஹாரன் அடிச்சான். அப்புறம் போய்ட்டான்."

"உள்ள இருந்தவர்கிட்ட ஒண்ணும் சொல்லலையாங்க?" என்று அக்கா கேட்டாள்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இல்லையென்று தலையை ஆட்டினார்.

அங்கேயே போலீஸில் புகார் கொடுத்தோம். வண்டி எண் கேட்டார்கள், தெரியவில்லை. உள்ளே இருந்தவர் பெயர் கேட்டார்கள், தெரியவில்லை. கட்டம் போட்ட சட்டை என்று மட்டும் மச்சானால் சொல்ல முடிந்தது. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த லேப்டாப்பைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். படிவத்தில் போனதைத் துடைக்க வழியில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அக்கா பிள்ளைகளைப் பள்ளி வாசல்வரை கொண்டுவிட்டு, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றாள். தெரியாத எண்களிலிருந்து அவளுக்கு அழைப்பு வரும். யாரும் பேசமாட்டார்கள். எண்ணை மாற்றிய பிறகுதான் நின்றது.

மச்சான் இப்போது ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறார். வேலை என்று ஏமாந்து போய் எல்லைக்கு அப்பால் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு வந்ததாகப் பத்திரிகையில் அவ்வப்போது படம் வரும். குனிந்த தலைகள், பாதி மறைத்த முகங்கள். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

"இதுல இல்ல," என்று சொல்லிவிட்டு மடித்து வைப்பார்.