பின்பக்கத்துக் குழாய்

நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், நானே சிரிச்சவதான். எங்க ஷூ கம்பெனில பாத்ரூம் பக்கம் எதோ உருவம் தெரிஞ்சுதுன்னு பொம்பளைங்க அலறினப்ப, "வேலை செய்ய ஒடம்பு வணங்கல, அதான்"னு எல்லார் எதிர்லயும் சொன்ன ஆளு நான். பேயாவது பிசாசாவது, கர்த்தர் இருக்காரு, அவ்ளோதான்.

ஆம்பூர்ல எங்க வாடகை வீட்டுத் தண்ணி உப்பு. எங்களுக்குப் பழகிப்போச்சு, எம் பொண்ணு ஜெனிக்குத்தான் ஆவல. சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வரும், தூங்கறப்ப கையக் கட்டி வெக்கணும், பெத்தவளுக்கு எப்டி இருக்கும் சொல்லுங்க. தண்ணிய மாத்துங்கன்னுட்டாரு டாக்டர். அதுக்காகத்தான் வேலூர் ஓரமா, விரிஞ்சிபுரம் போற பக்கம் ஒரு புது நகர்ல வீடு தேடினோம். எங்க பக்கத்துல வீடு பாக்கப் போனா ஹாலு, கிச்சனு எல்லாம் அப்புறம், மொதல்ல தண்ணிய வாய்ல ஊத்திப் பாப்போம்.

நல்ல மத்தியான நேரம். ரொம்ப நாளா பூட்டிக் கெடந்த வீடு, புரோக்கர் தொறந்துட்டு எங்க வீட்டுக்காரர மாடிக்குக் கூட்டினு போய்ட்டாரு. நான் பின்பக்கம் போனேன். அங்க குழாயடில ஒரு அம்மா, பச்சை நைட்டி, தோள்ல துண்டு. வீட்டப் பாத்துக்கறவங்க போலன்னு நெனச்சு, "தண்ணி எப்டிக்கா?"ன்னேன். சொம்புல புடிச்சுக் குடுத்தாங்க. நம்புனா நம்புங்க, எளநீ மாதிரி இருந்துச்சு. "கொழந்தைய கூட்டினு வந்துடுங்க"ன்னாங்க. "வர்றோம்க்கா"ன்னு சொல்லிட்டு, மாடியிலருந்து எறங்கின வீட்டுக்காரர்கிட்ட இதான் நம்ம வீடுன்னுட்டேன். கொழந்தையப் பத்தி நான் வாயே தொறக்கலன்னு அப்ப ஒறைக்கவே இல்ல.

பத்திரம் முடிஞ்சு பால் காய்ச்ச வந்தோம். குழாயத் தொறந்தா காத்துகூட வரல. பிளம்பர் வந்து பாத்துட்டு, "இன்னாம்மா வெளையாடறீங்களா, போர்ல மோட்டாரே எறக்கல, இந்தக் குழாய்க்கு பைப்பே குடுக்கல"ன்னாரு. புரோக்கரக் கேட்டா, "அங்க யாருமே கெடையாது மேடம், சுத்தி மதிலு, கிச்சன் வழியாதான் போவணும், பூட்ட நாந்தான தொறந்தேன்"ங்கறாரு. வெயில்ல உனக்கு மயக்கம்னுட்டாரு எங்க வீட்டுக்காரர். சரின்னு மோட்டார் எறக்கி, பைப் இழுத்து, வந்த தண்ணிய வாய்ல ஊத்தினேன். உப்பு. ஆம்பூர விட ஜாஸ்தி. அங்கயே உக்காந்து அழுதுட்டேன், எம் பொண்ணு இன்னும் எவ்ளோ நாளு சொறிஞ்சுக்கினு கெடப்பான்னு.

ஆனா ஜெனி பின்பக்கத்துக் குழாய்லதான் குளிப்பேன்னு ஒரே அடம். "இனிக்குது மம்மி"ங்கறா. நான் குடிச்சா உப்பு. அவ ஒடம்பு சுத்தமா ஆறிடுச்சு, தழும்புகூட இல்ல, டாக்டரே இன்னா பண்ணீங்கன்னு கேட்டாரு. சந்தோஷப்படறதா பயப்படறதான்னு தெரியாம பேஜாரா போச்சு எனக்கு.

குளிச்சு முடிச்சு உள்ள வர்றப்ப, குழாய்ப் பக்கம் திரும்பி "போய்ட்டு வர்றேன்மா"ம்பா. வெளையாட்டுக்கு எனக்குத்தான் சொல்றான்னு மொதல்ல நெனச்சேன். ஆனா பேச ஆரம்பிச்ச நாள்லருந்து என்னை அவ மம்மின்னுதான் கூப்புடுவா.

வித்துட்டுப் போய்டலாம்னா, மறுபடி அந்த ரத்தத்தப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வெளிய கெளம்பறவங்க 'போறேன்'னு சொன்னா, திரும்பி வராத பேச்சுன்னு நாம திட்டுவோம் இல்லையா, அத என் வாயாலயே எம் பொண்ணுக்குக் கத்துக் குடுத்தேன். "வர்றேன்னு சொல்லாத கண்ணு, போறேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடு"ன்னேன். தலையாட்டிட்டுப் போனா. குளிச்சிட்டு ஈரத் தலையோட வந்து நின்னா.

"சொன்னியா?"ன்னேன்.

"சொன்னேன் மம்மி. அப்டி சொல்லக் கூடாது, போய்ட்டு வர்றேன்னுதான் சொல்லணும்னாங்க. இத யாரு உனக்குக் கத்துக் குடுத்ததுன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"உன் பேரச் சொன்னேன்."