ஹம்சாவுக்குச் செஞ்ச சடங்கு

தெருமுனையில ஒட்டியிருக்கற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல ஹம்சா பட்டுப்புடவை கட்டிக்கினு, தலை நெறைய பூ வெச்சிக்கினு நிக்கிறா. அவளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன அன்னிக்கு எடுத்த ஃபோட்டோ அது. "வேற ஃபோட்டோவே கெடைக்கலையா, பாவிங்களா?"ன்னு என் வூட்டுக்காரர்கிட்ட கத்துனேன். அவர் பேரு அறிவு, ஹம்சாவுக்குத் தாய்மாமன். "அது ஒண்ணுலதான்டி அவ சிரிச்சிக்கினு கீறா"ன்னாரு. இருவத்தொரு வயசுல போய்ச் சேந்துட்டா. போஸ்டர் ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு, வளையலோட ஒரு கை தெரியுது பாரு, அது என் கை.

ஹம்சா எங்க அண்ணியோட ஒரே பொண்ணு. அண்ணின்னா என் வூட்டுக்காரரோட அக்கா, அன்புக்கரசி. புருஷன் வுட்டுட்டுப் போனப்புறம் ஆதம்பாக்கத்துல எங்க வூட்டுக்கு எதிர்லயே ஒத்த ரூம்ல இருந்துக்கினு, இட்லி சுட்டு வித்து அவளை வளத்துச்சு. அந்தப் பொண்ணு ஒரு வம்புதும்புக்குப் போனதில்ல. ஆனா வளந்துது. பத்தாவது படிக்கறப்பவே எங்க வூட்டு நிலையில தலை இடிக்கும். நெஞ்சு மட்டும் பலகையாட்டம் கெடந்துது.

என் வாய் சும்மா இருந்துதா? என் பொண்ணு ஆறாங்கிளாஸ்லயே ஒக்காந்துட்டா. அந்தத் திமிருல, கொழாயடியில நாலு பேர் நிக்கறப்ப, "இன்னா அண்ணி, உன் பொண்ணு ஏணியாட்டம் ஒசந்துக்கினே போறா, வயசுக்கு மட்டும் வரமாட்டேங்கிறாளே, எதுனா கோளாறா?"ன்னு கேட்டுட்டேன். அண்ணி மூஞ்சி சுண்டிப்போச்சு. பதினஞ்சே நாள்ல, ஹம்சா பெரிய மனுஷி ஆயிட்டான்னு சொல்லி அனுப்புச்சு. அப்ப அவளுக்குப் பதினாறு வயசு.

தாய்மாமன் பொண்டாட்டி நான், மொதத் தண்ணி நான்தான் ஊத்தணும். குளிக்கிற ரூம் கதவைக் கொஞ்சமாத் தொறந்து, ஹம்சா கழட்டுன பாவாடைய நீட்டுனா. வாங்குனேன். மயிலாப்பூர்ல நாலு வூட்டுத் துணி தொவைக்கிறவ நான், எனக்குக் கறை தெரியாதா? செவப்பா இருந்துது, ஓரத்துல மஞ்சள் பூத்திருந்துது. மோந்து பாத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தித் தண்ணியக் கரைச்சுத் தடவி வெச்சிருக்கு எங்க அண்ணி.

ஐயோ, அன்னிக்கே கேட்டிருக்கலாம். கேக்கல. வெளிய ஷாமியானா போட்டாச்சு. சொந்தக்காரங்க எல்லாம் சீர்த்தட்டோட வந்து ஒக்காந்துட்டாங்க. பாண்டி பஜார்ல வாங்குன பட்டுப்புடவைய வெச்சிக்கினு என் வூட்டுக்காரர் நிக்கிறாரு. என் வாயாலதான் இந்தக் கூத்துன்னு எனக்கே தெரியும், அந்த வெக்கம் வேற. பாவாடைய பக்கெட்ல முக்கிட்டு, அவ தலையில தண்ணிய ஊத்துனேன்.

பிளஸ் டூ முடிச்சதும் ஹம்சா தியாகராய நகர்ல ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனா. பரங்கிமலை ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் ரயில் ஏறுவா, மாம்பலத்துல எறங்குவா, நாள் பூரா நின்ன கால்ல நிப்பா. மேல்தட்டுல இருக்கற புடவைக் கட்டை ஸ்டூல் போடாம எடுப்பான்னு முதலாளிக்கு அவளை ரொம்பப் புடிக்கும். மாசத்துல ஒரு நாள் அண்ணி அவளை எங்க கண்ணுல படற மாதிரி தலைக்கு ஊத்திக்கச் சொல்லும். அவளும் வாயத் தொறக்காம ஊத்திப்பா. பத்தொம்போது வயசுலயும் சுடிதார் பேண்ட்டு கெண்டைக்காலுக்கு ஏறிக்கினே இருந்துது.

இருவது வயசுல அடிவயிறு வலிக்குதுன்னா. தெருவுல இருக்கற கிளினிக்குக்கு நானும் தொணைக்குப் போனேன். "மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?"ன்னு டாக்டர் கேட்டாரு. ஹம்சா அவங்கம்மாவைப் பாத்தா. அண்ணி என்னைப் பாத்துச்சு. "கரெக்டா வருது சார், பதினாறு வயசுல இருந்து"ன்னுச்சு. நான் செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்துக்கினு நின்னேன். கேஸ் டிரபிளா இருக்கும்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு.

பத்து மாசம் அந்த மாத்திரைய முழுங்கினா. வயிறு உப்பிப்போய், கடையில கூட வேலை செய்யறதுங்க அசிங்கமாப் பேச ஆரம்பிச்சதுங்க. அதுக்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். ஸ்கேன்ல பெரிய கட்டி, நுரையீரல் வரைக்கும் பரவிக் கெடந்துது.

ரத்தம் டெஸ்ட் எல்லாம் வந்தப்புறம் லேடி டாக்டர் எங்களை ஒக்கார வெச்சு சொன்னாங்க. "வயித்துல ஆறு ஏழு வாரம் வரைக்கும் ஆண் கரு, பெண் கரு எல்லாம் ஒண்ணுதாம்மா. அப்புறம் ஆண் குரோமோசோம்ல இருக்கற ஒரு ஜீன்தான் விரை உருவாகணும்னு சொல்லும். உங்க பொண்ணுக்கு அந்த குரோமோசோம் இருக்கு, ஜீன் வேலை செய்யல. அதனால உடம்பு பொண்ணாவே வளந்துது. கர்ப்பப்பை கூட இருக்கு. சினைப்பைதான் உருவாகல, அந்த எடத்துல வெறும் நார் மாதிரி ரெண்டு இருந்திருக்கு. அதுல ஹார்மோன் சுரக்காது. அதனாலதான் வயசுக்கு வரல, எலும்பும் வளர்றத நிறுத்தல. இந்தக் கட்டி அந்த நார்ல இருந்துதான் வந்திருக்கு."

"அப்ப எம்பொண்ணு பொண்ணே இல்லியா?"ன்னு அண்ணி அலறிச்சு.

"பொண்ணுதாம்மா, அதுல என்ன சந்தேகம்? பதினஞ்சு பதினாறு வயசுலயே கூட்டிட்டு வந்திருந்தா அந்த நாரை எடுத்துட்டு மாத்திரை குடுத்திருப்போம். மாசாமாசம் வந்திருக்கும். ஏம்மா கூட்டிட்டு வரல?"

அண்ணி தரையில ஒக்காந்து மாரடிச்சிக்கினு அழுதுச்சு. நான் அப்பவும் வாயத் தொறக்கல.

மருந்து ஏத்துனாங்க, கேக்கல. கடைசி வாரத்துல ஒரு நாள் மத்தியானம், அண்ணி கஞ்சி வாங்கப் போயிருந்துச்சு. கட்டில்ல கால் நீட்ட எடம் பத்தாம, ஹம்சா மொழங்காலை மடிச்சிக்கினு படுத்திருந்தா.

"அத்தை, அன்னிக்கு அது ரத்தம் இல்லன்னு உனக்குத் தெரியுமா?"ன்னா.

"சத்தியமாத் தெரியாதுடி கண்ணு"ன்னேன்.

அவ கோவப்படல. என் கையப் புடிச்சிக்கினு மெதுவாச் சொன்னா. "கதவு இடுக்கு வழியா பாத்துக்கினு இருந்தேன் அத்தை. நீ பாவாடைய மோந்து பாத்தே. அப்பாடா, அத்தைக்குத் தெரிஞ்சிடுச்சு, இப்ப கத்தும், யாராச்சும் என்னை டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவாங்கன்னு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. நீ செம்பை எடுத்துக்கினு உள்ள வந்தே."