ஸைனம்புவின் புருஷனுக்குத் தாடி இல்லை

மாத்தளைக்குப் பக்கத்தில் எங்கள் உக்குவளையில் கறித்தூள் என்றால் அது ஸைனம்புவின் கறித்தூள்தான். கொத்தமல்லி வறுக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் "கருகினா நீ திம்பியா?" என்று கேட்பாள். வாய்தான் அப்படி, மனசு பஞ்சு என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். ஸைனம்புவுக்கு வாயும் மனசும் ஒன்றுதான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் சொன்ன ஒரே ஒரு உண்மையை ஊரே நம்ப மறுத்த கதை இது. நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, றுக்ஸானா. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவளுடைய புருஷன் நளீம் தம்புள்ள மரக்கறிச் சந்தையில் லொறிகளுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தவன். அவன் கட்டிய கயிறு யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை இளகாது என்று டிரைவர்மார் சொல்வார்கள். அந்தப் பேர்தான் அவனை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனது. அங்கே சின்னதொரு கம்பெனி சாமான் ஏற்றுகிற பிளேன் ஓட்டியது. ரோட்டே இல்லாத ஊர்களுக்கு அரிசி, எண்ணெய், சீமெந்து என்று எல்லாம் அதில்தான் போகும். இறங்குகிற இடத்தில் பாரம் இறக்க ஆள் கிடைக்காது என்பதால் ஏற்றினவனும் கூடவே பறக்க வேண்டும்.

பிளேன் என்றால் நாம் கட்டுநாயக்காவில் பார்க்கிற பிளேன் இல்லை. இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற பழைய சாமான். நளீமின் வாப்பா கல்யாணம் முடிக்க முந்தியே செய்த பிளேனாம். ஒரு விசிறி உடனே சுற்றத் தொடங்கும், மற்றது இருமி இருமித்தான் சுற்றும். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். இதையெல்லாம் அவன் வீடியோ எடுத்து அனுப்புவான்.

"அதுல ஏன் ஏறுறீங்க?" என்று ஸைனம்பு கேட்டாள்.

"லக்கலைக்குப் போற பஸ் மட்டும் என்னவாம்? ஏறத்தானே செய்றோம்" என்று சிரித்தான்.

பஸ் நின்றால் இறங்கித் தள்ளலாம். இது அவனுக்கும் தெரியாமல் இல்லை.

ஒருநாள் அவன் வீடியோ கோலில் வந்தபோது ஸைனம்பு அலறிவிட்டாள். முகத்தில் தாடி இல்லை. மழமழவென்று, கல்யாணத்துக்கு முந்திய பையன் மாதிரி இருந்தான். மேலே போனால் அந்தப் பிளேனுக்குள் காற்றுப் போதாதாம். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, எடு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்று பைலட் சொல்லிவிட்டான். சொல்லும்போதே நளீமின் கண் கலங்கியது.

"காக்காக்கு மட்டும் சொல்லிடாத புள்ள. இந்த மூஞ்சியப் பார்த்தா என்னத் தெரியாதுன்னுடுவாரு."

காக்கா என்றது அவனுடைய மூத்தவர் லாபிர். மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், எங்கள் பள்ளிவாசலின் நிர்வாகத்தில் பெரிய ஆள். தம்பி தாடி வைத்ததே அவருக்குப் பயந்துதான். அதற்குப் பிறகு நளீம் வீடியோவில் வருவதை விட்டுவிட்டான், குரல் மட்டும்தான். லாபிர் காக்காவின் பிள்ளைகள் எப்போதும் ஸைனம்புவின் போனைத்தான் நோண்டிக்கொண்டிருக்கும்.

அங்கே நளீமோடு இன்னொரு மாத்தளைக்காரனும் இருந்தான். பலாபத்வலைக்கு மேலே மிளகுத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த மகேஸ்வரன். தம்புள்ளையில் இவனோடு மூட்டை தூக்கியவன். நளீம்தான் சொல்லிச் சொல்லி அவனுக்கும் அந்தக் கம்பெனியில் வேலை எடுத்துக் கொடுத்தான். அவன் நிலத்தில் நின்று பாரம் ஏற்றுகிறவன், பறக்கிறவன் இல்லை. மாஸ்க் அவனுக்குத் தேவைப்படவில்லை. அவனுடைய மனைவி தினுஷா ஊரில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். ஆகவே தாடி வளர்ந்து நெஞ்சுவரை வந்திருந்தது.

ஒருநாள் பாரம் அதிகம், இறக்க ஒரு ஆள் போதாது, ஒரு நாள்தானே என்று மகேஸ்வரனையும் தாடியோடேயே ஏற்றினார்கள். அதுதான் அவன் பறந்த முதல் தடவை. பிளேன் எழும்பின கையோடு இருமுகிற விசிறி நின்றுவிட்டது. பிளேன் சாய்ந்து பக்கத்திலிருந்த ஏரிக்குள் விழுந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. டிவியில் பழைய விமானம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போனார்கள். பழையது, விழுந்தது, அவ்வளவுதான். பழையது என்று தெரிந்தும் அதில் ஆளை ஏற்றினவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஸைனம்புவை அன்றே இத்தாவில் இருத்தினார்கள். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் முன்னால் வரக் கூடாது. அவள் மறுக்கவில்லை. மார்க்கம் சொன்னதை அவள் எப்போதும் மறுத்ததில்லை.

கொஞ்ச நாளில் இரண்டு பெட்டிகள் கொழும்புக்கு வந்தன. பெட்டிகளில் பெயர் மாறியிருக்கலாம், சொந்தக்காரர் வந்து பார்த்து அடையாளம் சொன்னால் உடனே தருவோம், சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்வோம், அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்று சொன்னார்கள். லாபிர் காக்கா புறப்பட்டு வந்து நின்றார். ஸைனம்பு திரைக்குப் பின்னால் இருந்து பேசினாள்.

"நானும் வாறேன் காக்கா."

"இத்தாவில இருக்கிற பொம்பள கொழும்புக்குப் போறதா? ஊருக்குள்ள நான் தலை காட்டுறல்லயா?"

"கட்டாயத் தேவைன்னா போகலாம்னு மௌலவி சொன்னாரே."

"மௌலவியோட நான் பேசிக்கொள்றேன்."

புருஷனுக்குக் கொடுத்த வாக்கை உடைப்பதா என்று யோசித்திருப்பாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"காக்கா, அவங்களுக்கு இப்ப தாடி இல்ல. பிளேன்ல மாஸ்க் போடணும்னு எடுத்துட்டாங்க. தாடியப் பார்த்துச் சொல்லிடாதீங்க. சந்தேகமா இருந்தா அந்தச் சோதனையச் செய்யச் சொல்லுங்க."

லாபிர் காக்காவின் முகம் கறுத்தது. நான் அந்த இடத்தில்தான் நின்றேன்.

"மௌத்தான மனுசன் மேல இப்படியொரு பழியப் போட உனக்கு நாக்குக் கூசல்லயா? எங்கட தம்பி தாடி எடுக்கிற ஆளில்ல. மையத்தக் கிடத்தி வச்சிட்டு வாரக்கணக்கில சோதனையாம்."

இறந்தவரின் மையத்தைத் தாமதிக்காமல் அடக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் யாருடைய மையத்து என்று தெரிந்த பிறகு அவசரப்பட்டால் போதாதா? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கொழும்பில் துணியை விலக்கி முகத்தை மட்டும் காட்டினார்கள். தண்ணீரில் கிடந்த முகங்கள், பெற்ற தாய்க்கே தெரியாது. ஒன்றில் தாடி இருந்தது, மற்றதில் இல்லை. லாபிர் காக்கா இரண்டாவதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தாடியைக் காட்டி "இதுதான் எங்கட தம்பி" என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதனால் குளிப்பாட்டவும் இல்லை. குளிப்பாட்டியிருந்தால் சுன்னத்துச் செய்யாத உடம்பு என்று ஆண்களுக்கு அங்கேயே விளங்கியிருக்கும். அன்று பின்னேரமே ஊர் மையவாடியில் அடக்கினார்கள். சனம் நிறைய. ஸைனம்பு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று "அது அவங்க இல்ல றுக்ஸானா, அது அவங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்றார்கள் மற்றப் பெண்கள்.

அந்தக் கிழமையே ஒரு மனிதர் வந்து ஸைனம்புவின் வீட்டுக் கேட்டடியில் நின்றார். வெள்ளைச் சாரம், கையில் குடை. நான் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டேன். திரையைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"நான் மகேஸ்வரனோட அப்பாங்கம்மா, சிவலிங்கம். நான் கொழும்புக்குப் போறப்ப உங்க வீட்டு ஆளு ஒண்ண எடுத்துட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருந்ததுல தாடி இல்லீங்க. எம்பையனுக்குத் தாடி இருந்திச்சின்னு சொன்னேன். மீதி இதுதான், வேணும்னா எடுன்னாங்க. விட்டுட்டு வந்தா அநாதையா கெடக்குமேன்னு எடுத்துட்டு வந்தேன்."

குடையைக் கதிரைக் காலோடு சாய்த்து வைத்தார்.

"லயத்துல பெரியவங்க பெட்டியத் தொறந்து பாத்தாங்க. உங்க சனம்னு தெரிஞ்சிருச்சிங்க."

ஸைனம்புவின் விரல்கள் திரையின் ஓரத்தைப் பற்றின.

"எரிக்கலைங்கம்மா. எங்கள்ல எரிக்கிறதுதான். உங்கள்ல ஆகாதுன்னு தெரியும். பலாபத்வலையில பாய் கடையில விசாரிச்சி, எந்தப் பக்கம் மொகம் வைக்கணுமோ அப்படி வச்சிப் பொதைச்சிருக்கேன்."

அப்போதுதான் ஸைனம்பு அழுதாள். மௌத்துச் செய்தி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. கொரோனாக் காலத்தில் எங்கள் மையத்துகளையும் கட்டாயமாக எரித்த நாடு இது, எரிப்பு என்ற சொல் எங்களுக்கு எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த மனிதர் தன் மகனைத் தொலைத்துவிட்டு நின்ற நேரத்தில் எங்கள் மையத்துக்குக் கிப்லாத் திசை விசாரித்திருக்கிறார். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

போகும்போது ஒன்றுதான் கேட்டார். "எம்பையன எடுத்துக் குடுக்க முடியுங்களாம்மா? தினுஷாவுக்கு மாசம் ஆயிருச்சி. புள்ள பொறக்க முந்தி அவனுக்குச் செய்யவேண்டியதச் செஞ்சிட்டா நல்லதுங்க."

ஸைனம்பு சொல்லி அனுப்பி நான் லாபிர் காக்காவிடம் போனேன். தோட்டத்தாக்கள் கதை கட்டுகிறார்கள் என்றார். மௌலவியும் போனார். நல்ல மனிதர் அவர்.

"ஹாஜியார், மனுசனுக்குப் பிழை நடக்கும். பொலிஸுக்குப் போய் நான் தவறிட்டேன்னு ஒரு சொல் சொல்லுங்க. கோட்டு உத்தரவோட கபுறத் திறக்கலாம். அதுக்கு நம்மட மார்க்கத்தில இடமிருக்கு."

"கபுறத் தோண்டுறதா? நான் பார்த்துத்தான் கையெழுத்து வச்சேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். ஊரே திரண்டு வந்து தொழுத மையத்து, தன் தம்பி இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? பொலிஸிலும் கையை விரித்தார்கள். அடையாளம் சொன்னவர் மாறமாட்டேன் என்கிறார், வேறு அத்தாட்சி இருந்தால் கொண்டுவா என்றார்கள். ஊருக்குள்ளோ ஸைனம்புவைத்தான் திட்டினார்கள். கபுறுக்குள் இருக்கிற மனுசனின் தாடியைப் பிடித்து இழுக்கிறாளாம்.

இத்தா முடிந்த அன்று வீட்டில் நளீமின் பேரில் கத்தம் ஓத ஏற்பாடு. லாபிர் காக்காதான் எல்லாம் செய்தார். முன் ஹாலில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் சிவலிங்கம் வந்தார். பேரப்பிள்ளை பிறந்திருந்தது. தினுஷா பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக இருந்துவிட்டு, புருஷன் போன நாளிலிருந்து தொடாமல் வைத்திருந்த போனை அப்போதுதான் தேடிப் பார்த்திருக்கிறாள். புருஷன் கடைசியாக அனுப்பிய போட்டோ ஒன்று அதில் இருந்தது.

ஸைனம்பு வாங்கிப் பார்த்தாள். பழைய பிளேனின் விசிறிக்குக் கீழே இரண்டு பேர், தோளில் கைபோட்டபடி. ஒருவன் தாடியோடு மகேஸ்வரன். மற்றவன் நளீம், மழமழவென்ற முகம், கொஞ்சம் கூச்சத்தோடு சிரிக்கிறான்.

திரையை விலக்கிக்கொண்டு அவள் ஆண்கள் நடுவே வந்து நின்றாள். முக்காடு நெற்றிவரை இருந்தது. போனை லாபிர் காக்காவிடம் நீட்டினாள்.

"பாருங்க காக்கா. நான் பழி போடல்ல. இப்பவாவது அந்த ஒரு சொல்லச் சொல்லுங்க. ரெண்டு பேரும் அவங்கவங்கட இடத்துக்குப் போய்ச் சேரட்டும்."

லாபிர் காக்கா வாங்கினார். நான் கதவு நிலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கூடப் பிறந்தவனின் கண், மூக்கு, இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த வடு. அவர் தூக்கி வளர்த்த பிள்ளை அது. எத்தனையோ நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நளீம் இல்ல" என்றார். "இந்த மூஞ்ச எனக்குத் தெரியா."

சிவலிங்கம்தான் வாசலில் இருந்து கேட்டார்.

"சரிங்க ஐயா. பக்கத்துல தாடியோட நிக்கிறவனத் தெரியுதுங்களா? அவன நீங்க கொழும்புல பாத்தீங்களே."

லாபிர் காக்கா மௌலவியின் பக்கம் திரும்பி "யாசீன் தொடங்குங்க" என்றார்.

மௌலவி கிதாபைத் திறக்கவில்லை. "யார் பேருக்கு ஓத, ஹாஜியார்?" என்று கேட்டார். கிதாபைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சனமும் ஒவ்வொன்றாக எழும்பியது. ஆனால் ஒருவராவது அவருடைய முகத்தைப் பார்த்து, சொல்லிவிடுங்கள் என்று சொல்லவில்லை. கோழைகள்.

ஸைனம்பு குடையை எடுத்துக்கொண்டு சிவலிங்கத்தோடு ஆட்டோவில் ஏறினாள். நானும் போனேன். லயத்துக்கு மேலே, மிளகுக் கொடிகள் முடிகிற இடத்தில் அந்தக் கபுறு இருந்தது. எங்கள் மையவாடியில் பார்த்ததை வைத்துத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சிவலிங்கம் மிளகுக் கொடி படர நடுகிற கிளிசரியாக் கட்டை நட்டிருந்தார். இரண்டும் துளிர்த்திருந்தன. அவள் அங்கே உட்கார்ந்து தனக்குத் தெரிந்த சூறாக்களை ஓதினாள். தினுஷா கைக்குழந்தையோடு சற்றுத் தள்ளி நின்றாள். அவளுக்குப் போய் உட்கார ஒரு இடமில்லை.

அந்தப் போட்டோவை வைத்து ஸைனம்புவும் சிவலிங்கமும் இப்போது மாத்தளைக் கோட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். தவணைக்கு மேல் தவணையாகப் போகிறது. கையெழுத்து வைத்தவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அன்றே முடிந்துவிடும்.

லாபிர் காக்கா வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து ஊர் மையவாடியில் தான் அடக்கிய அந்தக் கபுறடிக்குப் போகிறார். தேம்பித் தேம்பி அழுகிறார் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அந்த அழுகை பொய்யில்லை. மண்ணுக்குக் கீழே இருப்பது மகேஸ்வரன் என்று அவருக்குத் தெரியும். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, தாடியை நீவிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லமாட்டார்.