கழுத்தக்கா

"மேல் பொத்தான கழட்டுங்க. காட்ட வந்தது கண்ண, கழுத்த ஏன் நெரிக்கிறீங்க?"

நோயாளி நாற்காலியில் உட்காருமுன்பே உத்தரவு வந்துவிடும். கண் பிரஷர் பார்க்கும் அறை அவருடையது. முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்ப்பார். இறுகிய காலர், அடக்கிய மூச்சு, பயத்தில் இடுக்கிய இமை எல்லாமே பிரஷர் அளவை ஏற்றிவிடும் என்பதால்தான் இந்தக் கெடுபிடி. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கழுத்தக்கா என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் முறைப்பார். ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் முறைப்பார்.

பூ விழுந்த கண்கள்தான் அவரிடம் அதிகம் வரும். கருவிழியில் தழும்பு விழுந்த இடம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன்மேல் பிரஷர் கருவியை வைத்தால் வாய்க்கு வந்த அளவைச் சொல்லும். "அது புளுகும்" என்று தள்ளிவிட்டு, ஓரமாகத் தெளிந்திருக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பார். பேனா அளவே இருக்கும் கருவி. இமையைத் தூக்கும் விரல் புருவ எலும்பில்தான் நிற்கும். கண்ணை ஒரு நூல்கூட அழுத்தாது.

அன்று காலை வந்தவர் ஒரு தச்சர். ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் சிராய் தெறித்து, புண்ணாகி, ஆறி, நடுவில் பூ விழுந்துவிட்டது. கருவிழி மாற்றினால் பார்வை வரலாம் என்றார் டாக்டர். ஆனால் வேறோர் இடத்தில் பிரஷர் முப்பத்திரண்டு என்று சொல்லியிருந்தார்கள். அது நிஜமானால் ஆபரேஷனை இப்போதைக்கு நினைக்கவே முடியாது. சரியாக அளந்து வரும்படி டாக்டர்தான் இங்கே அனுப்பினார். கைபிடித்துக் கூட்டிவந்த மனைவி சுவரோரம் நின்றார். பாவம், முகத்தில் ஈயாடவில்லை.

மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, தன் வீட்டுக் கதவு மழைக்காலத்தில் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டார் கழுத்தக்கா. தச்சர் பயத்தை மறந்து, மரம் ஈரம் குடித்து உப்புவதை விளக்க ஆரம்பித்தார். மூச்சை அடக்க அவருக்கு நேரமேது? அதற்குள் கருவி தொட்டுத் தொட்டு மீண்டது. திருப்தி வராமல் மறுபடியும் அளந்தார்.

"பதினஞ்சு. நல்ல அளவு. தைரியமா டாக்டர்கிட்ட போங்க."

தச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மனைவிதான் நகரவில்லை.

"அங்கயும் மிஷின்லதான் பாத்தாங்க. நான் எத நம்புறது?"

கழுத்தக்கா கோபப்படவில்லை. அந்த அம்மாவைக் கை கழுவிவரச் சொன்னார். தச்சரைக் கண்ணை மூடிக் கீழே பார்க்கச் சொல்லி, மனைவியின் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பிடித்து, மூடிய இமைமேல் மெத்தென்று வைத்தார்.

"பிரஷர் ஏறின கண்ணு கெட்டியா இருக்கும். இப்ப உங்க கண்ணத் தொட்டுப் பாருங்க."

அந்த அம்மா தன் இமையைத் தொட்டார். கணவர் இமைக்கு வந்தார். மறுபடி தன்னுடையது, மறுபடி கணவருடையது. இரண்டும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தன. அப்பாடா என்று ஒரு சத்தம் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து முணுமுணுத்தார்கள். கழுத்தக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.