பெரியப்பா தேய்த்த கம்பிகள்

எண்பதுகளின் நடுவில் சென்னையில் உலோகவியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆரணியில் எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன பெண் நான் ஒருத்திதான். வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை, குறையாகத்தான் சொல்வார்கள். ஆய்வு முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தேன். கண்ணமங்கலத்து வரன் ஒன்று தேடி வந்திருந்ததால் பெரியப்பாவுக்கு அந்த வாக்கு தொண்டையில் சிக்கிய முள்.

என் ஆய்வு நிக்கல்-டைட்டானியம் கம்பியைப் பற்றியது. வளைத்துச் சுருட்டி வெந்நீரில் போட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அதை எவ்வளவு சூட்டில் பக்குவப்படுத்தினால் மேலே எவ்வளவு ஆக்சைடு படிகிறது என்று நான் பார்க்க வேண்டும். அந்தப் படிவு குறைந்த சூட்டுக்கு வைக்கோல் நிறம், கொஞ்சம் ஏற்றினால் நீலம், இன்னும் ஏற்றினால் சாம்பல் கறுப்பு. பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பி, அதற்குமேல் ஒரு துண்டு கிடையாது. பொங்கலுக்கு விடுதியைப் பூட்டிவிட்டதால், சூடாக்கி முடித்த துண்டுகளை டப்பாவில் போட்டு ஊருக்கு எடுத்து வந்தேன்.

பழைய பட்டுப்புடவைகளை வாங்கி எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுப்பது பெரியப்பாவின் தொழில். கறுத்த உலோகம் எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது, தேய்த்துப் பார்த்துவிடும். அதனால் வந்த அன்றே அவரையும் அப்பாவையும் உட்காரவைத்துச் சொன்னேன்: இந்தக் கறுப்புதான் என் படிப்பு, தொடக் கூடாது, தேய்ந்துபோனால் மறுபடி சூடாக்கியும் பயனில்லை, அது வேறு கம்பியாகிவிடும். பெரியப்பா தலையாட்டினார். பாவி, நன்றாகப் புரிந்துகொண்டுதான் தலையாட்டியிருக்கிறார்.

மாட்டுப்பொங்கலன்று அம்மாவோடு சந்தவாசல் போய்த் திரும்பியபோது, கூடத்தில் அந்த வரன் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு தாம்பாளம், அதில் என் கம்பிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தன. எது எந்தச் சூட்டில் வெந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பெரியப்பா அவர்களிடம் சொன்னார்: "மெட்ராஸ்ல இதுக்கு துரு ஏத்திகினு இருந்துச்சுங்க பொண்ணு. ஒரே மத்தியானத்துல நான் வெளுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, இனிமேல் தேய்க்கிற வேலையெல்லாம் எங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது என்றாள். அந்தத் தாம்பாளத்தாலேயே பெரியப்பாவின் மண்டையில் போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா ஏதாவது கேட்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் விரல் நுனிகளிலும் கறுப்புத் தூள் அப்பியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஆய்வு முடியட்டும்னு சொன்னே. முடிஞ்சிடுச்சில்லமா. ஜல்தியா போய் பொடவ மாத்திகினு வா."