பூனை கணக்கில்லை

சின்னவருக்கு ஐம்பது வயது நிறைந்த அன்று, வாய் கொப்பளித்து முடிக்கும் முன்பே அம்மா கேட்டுவிட்டாள்: "இந்த வருஷம் யாருகிட்ட?"

அந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரன் யாராவது ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் துணி துவைத்து இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள், புதுச்சட்டைக்கு வழியில்லாத ஒரு வருடத்தில் கண்டுபிடித்த ஏற்பாடு. பிற்பாடு சட்டைகள் வந்தன. சட்டம் மட்டும் போகவில்லை.

இந்த வளர்ப்பால்தான் தாம் நல்லவராக ஆனதாகச் சின்னவர் பலரிடம் சொல்வதுண்டு. உண்மையில் ஆனது கெட்டிக்காரராக. ஒரு வருடம் தபால்காரர், மறு வருடம் மனைவி, ஆள் அகப்படாத வருடம் பக்கத்து வீட்டுப் பூனை. யாரிடம் கேட்டால் வலிக்காதோ அவர்களிடமே கேட்டுக் காலத்தை ஓட்டியிருந்தார்.

"பூனை கணக்கில்லை. பெரியவன்கிட்ட கேளு. நான் உசிரோட இருக்கறப்பவே கேளு," என்றாள் அம்மா.

பெரியவர் அவருடைய அண்ணன். இருவரும் முப்பது வருடமாகச் சேர்ந்தே வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள். கடைசி இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. சுவரின் குழிகளை அடைக்க இன்னொரு தடவை பட்டி பார்க்க வேண்டுமென்று பெரியவர் ஏணியிடம் சொல்வார். பார்த்துவிடலாமென்று சின்னவர் பிரஷ்ஷிடம் சொல்வார். வேலை முன்னைவிடச் சுத்தமாகவே நடந்தது. மத்தியானச் சாப்பாடுதான் ஆளுக்கொரு அறையில். அது மட்டும் சின்னவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு வீட்டுக் கூடத்தில், ஒரு சுவருக்கு வேண்டிய நிறத்தை ஒரேயடியாகக் கலக்காமல் பெரியவர் இரண்டு தடவையாகக் கலந்தார். நிறம் ஒட்டாமல் நடுச்சுவரில் கோடு விழுந்தது. கண் தெரியாதவன் கலந்த மாதிரி இருக்கிறதென்று வீட்டுக்கார அம்மாள் முன்னாலேயே சின்னவர் சொல்லிவிட்டார். பெரியவருக்கு அப்போது நிஜமாகவே பார்வை மங்கிக்கொண்டிருந்தது; யாரிடமும் சொல்லாமல் மறைத்து வந்தார். தப்பாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பது சுலபம். சரியாகச் சொன்னதற்குக் கேட்பதுதான் உயிர் போகும் காரியம்.

அன்று மத்தியானம் சின்னவர் சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணன் இருந்த அறைக்குப் போனார்.

"அண்ணே, அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

பெரியவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு ஏணியைத் தேடாமல் நேராகவே பேசினார்.

"திட்டினது நாலு பேர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் மூலையிலயா? அந்த வீட்டுக்காரம்மா முன்னாடி வந்து கேளு."

சாயங்காலமே போனார்கள். சின்னவர் கையைக் கட்டிக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பையன்போல் முழுவதையும் ஒப்பித்தார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கோட்டை மறைக்கத்தானே பீரோவை அங்க போட்டிருக்கேன்," என்று குட்டையைக் குழப்பினாள்.

பெரியவர் முகம் மாறியது. பீரோவைப் பிடிக்கச் சொன்னார். இருவருமாக நகர்த்தினார்கள். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலும் பார்த்தார். மறுபடி ஏணியோடு பேசும் வாழ்க்கைதானா என்று சின்னவர் பீரோவைப் பிடித்தபடியே நின்றார்.

"கோடு தெரியுதுடா," என்றார் பெரியவர். "நல்லாவே தெரியுது. நீ சொன்னது சரிதான்."

"அப்போ அண்ணே..."

"அப்போ என்ன அப்போ? கேட்ட மன்னிப்பைத் திருப்பித் தர மாட்டேன். காலையில டப்பாவோட வந்துடு, ஒரேயடியா கலந்து அடிச்சுக் குடுத்துடுவோம்."

திரும்பும் வழியெல்லாம் பெரியவர் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். சின்னவர் ஊம் கொட்டியபடியே, அண்ணனுடைய பிறந்தநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.